வரம்பிலா ஆற்றலும் வரம்புடைய மனிதனும்

மகாபாரதத்தில் நகுஷன் என்னும் அரசனுடைய கதை ஒன்று வருகின்றது. விருத்திராசுரனைக் கொன்ற பழிக்கு அஞ்சி இந்திரன் ஒளித்துக்கொண்டான். விண்ணுலகம் அரசனின்றித் தவித்தது. தேவரும் முனிவரும் கூடி ஆராய்ந்து, மண்ணுலகிலே அறநெறி வழுவாது ஆண்டுவந்த நகுஷனைத் தேர்ந்தெடுத்து இந்திர பதவியில் அமர்த்தினர். தன் பார்வையிற் படுவோர் எவராயினும் அவர்தம் வலிமையைக் கவர்ந்துகொள்ளும் வரமும் அவனுக்கு அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் அவன் நன்றாகவே ஆண்டான். நாட்செல்ல, இந்திரனுடைய பதவி தனக்கானால் இந்திரனுடைய மனைவியும் தனக்கே உரியவள் என்னும் எண்ணம் அவனுள் எழுந்தது. முனிவர்களைத் தன் சிவிகை சுமக்கச் செய்தான். அகத்தியரைக் காலால் உதைத்தான். முடிவிற் பாம்பாகி மண்ணில் வீழ்ந்தான்.

இக்கதையில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இராவணனும் இரணியனும் வரம் பெற்றுக் கெட்டார்கள் என்றால், அவர்கள் அரக்கர், அசுரர் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். நகுஷனோ மனிதன், நல்லவன் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவன். ஆகவே, தெய்வத்துக்கு நிகரான ஆற்றலை எந்த மனிதனிடமாவது நம்பி ஒப்படைக்கலாமா என்னும் வினாவை இக்கதை நேராகவே எழுப்புகின்றது.

நெடுங்காலமாக இவ்வினா புராணிகருக்கும் தத்துவ ஞானிகளுக்கும் உரியதாக இருந்தது. 1945 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி விடியற்காலையில், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் முதல் அணுக்குண்டு வெடித்தபோது, அது அரசியல் வினாவாயிற்று. ஒரு நகரை ஒரு கணத்தில் இல்லாமற் செய்யும் ஆற்றல் அன்று மனிதனுக்குக் கிட்டியது. அவ்வாற்றலை ஆளுதற்கு வேண்டிய பிறவும் உடன் கிட்டினவா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சைவ நூல்கள் இறைவனுக்கு எண்குணங்களைக் கூறும். முடிவிலாற்றலுடைமை அவற்றுள் ஒன்று. ஆனால் அக்குணம் தனித்து நிற்பதன்று. முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருளுடைமை முதலிய குணங்கள் அதனோடு சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. முற்றும் அறிந்து, எதிலும் கட்டுண்ணாது, எவ்வுயிர்க்கும் அருள் சுரக்கும் ஒருவனிடத்தில் அளவற்ற ஆற்றல் இருப்பது அச்சத்துக்குரியதன்று. மனிதனுக்கு விஞ்ஞானம் ஈந்ததோ ஆற்றல் ஒன்றையே. ஏனைய மூன்றும் இல்லாதவிடத்து அவ்வாற்றல் என்னாகும் என்பதை அணுவாயுதங்களின் வரலாற்றை வைத்து அறியலாம்.

இந்த அதிகாரம் ஒருவர் கையில் வந்து சேர்ந்த வரலாறே வியப்புக்குரியது. 1945 யூலை 25 ஆந் திகதி அமெரிக்கப் படைத்தலைமை பிறப்பித்த எழுத்துக் கட்டளை, ஓகஸ்ட் 3 ஆந் திகதிக்குப் பின் வானிலை இடந்தந்தவுடன் முதற் குண்டை வீசுமாறும், அடுத்த குண்டுகள் ஆயத்தமானதும் அவற்றையும் வீசுமாறும் கூறிற்று. ஓகஸ்ட் 6 ஆந் திகதி ஹிரோஷிமா அழிந்தது. ஓகஸ்ட் 9 ஆந் திகதி வீசப்பட்ட இரண்டாவது குண்டுக்கெனச் சனாதிபதி ட்ரூமனிடம் தனிக்கட்டளை எதுவும் பெறப்படவில்லை. முன்னைய கட்டளையே போதுமாயிற்று. வானிலை கெடப்போகின்றது என்பதனால் நாளும் முற்படுத்தப்பட்டது. அன்று விமானம் முதலிற் சென்றது கொக்குரா என்னும் நகருக்கு. முகிலும் புகையும் அந்நகரை மூடியிருந்தமையால் அது நாகசாகியை நோக்கித் திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 140,000 பேர் எனக் கணிக்கப்படுகின்றது.

நாகசாகி அழிந்த மறுநாள், தமது வெளிப்படையான அனுமதியின்றி இனி எந்த அணுக்குண்டும் வீசப்படலாகாது என்று ட்ரூமன் ஆணையிட்டார். மேலும் ஒரு இலட்சம் மக்களை அழிக்கும் நினைவே தமக்குப் பொறுக்கவியலாதது என அவர் அன்று அமைச்சர்களிடம் கூறியதாக, அக்கூட்டத்தில் இருந்த ஹென்றி வாலஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1946 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அணுச்சக்தியைப் படையினரிடமிருந்து எடுத்துக் குடிசார் ஆணைக்குழு ஒன்றிடம் ஒப்படைத்தது. ஆகவே, சனாதிபதி ஒருவரே இதனைத் தீர்மானிக்கலாம் என்னும் வழக்கம், படைத்தலைவர்களின் கை அவசரப்பட்டு நீளாதிருத்தற்கு இடப்பட்ட ஒரு தடையாகவே தொடங்கியது.

ஆனால் 1949 இல் சோவியத்து ஒன்றியமும் அணுக்குண்டு செய்தது. பின்னர் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்தன. புறப்பட்ட ஏவுகணை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மறு கண்டத்தில் வீழ்ந்துவிடும். அது புறப்பட்டதை அறிந்து, ஆராய்ந்து, பதில் கூறுதற்குச் சனாதிபதிக்கு எஞ்சுவது சில நிமிடங்களே. இத்துணைக் குறுகிய பொழுதிற் பாராளுமன்றத்தைக் கூட்டுவது எங்ஙனம்? தடையாகத் தொடங்கிய வழக்கம் இவ்வாறு கதவைத் திறக்கும் திறவுகோலாக மாறியது. இன்றும் அமெரிக்காவில் சனாதிபதி ஒருவர் இடும் கட்டளையை மறுக்கும் சட்ட உரிமை இடையில் உள்ள எவருக்கும் வழங்கப்படவில்லை. கட்டளை உண்மையாகவே அவரிடமிருந்து வந்ததா என்பது மட்டுமே சரிபார்க்கப்படும். அது தகுந்த கட்டளையா என்று கேட்கும் நிலை ஒன்று அந்த ஒழுங்கில் இல்லை.

முதலாவதாக, முற்றும் உணர்தல் என்னும் குணத்தை நோக்குக. ட்ரூமன் 1945 யூலை 25 ஆந் திகதி தம் நாட்குறிப்பில், பெண்களும் குழந்தைகளும் அல்லாமல் படையினரும் படைநிலைகளுமே இலக்காகவேண்டும் எனத் தாம் கூறியதாக எழுதினார். இலக்காகக் குறிக்கப்பட்டிருந்ததோ இலட்சக்கணக்கான குடிமக்கள் வாழ்ந்த ஒரு நகரம். கட்டளைக்கு உரியவரின் மனத்தில் இருந்த படம் ஒன்று, நிகழ்ந்தது வேறொன்று.

1962 ஒக்டோபரிற் கியூபா நெருக்கடி மூண்டது. அத்தீவில் ரஷ்ய ஏவுகணைகள் நிறுத்தப்பட்டிருப்பதை அறிந்த சனாதிபதி கென்னடியின் ஆலோசகர்களுட் பலர், முதல் நாளில் விமானத் தாக்குதலையே நாடினர். படையெடுப்புக்கும் ஆயத்தங்கள் நடந்தன. படையெடுப்போரை எதிர்த்துப் பயன்படுத்துதற்குரிய சிறிய அணுவாயுதங்களும் அத்தீவில் ஏற்கனவே இருந்தன என்பதை அன்று அவர்கள் அறியார். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா அதனை அறிந்தது 1992 இல், ஹவானாவில் நடந்த ஆராய்ச்சி மாநாடு ஒன்றிலே. உலகின் முடிவைத் தீர்மானிக்கக் கூடியிருந்தவர்களுக்குத் தேவையான செய்தி முப்பது ஆண்டுகள் பிந்தி வந்து சேர்ந்தது.

கருவிகள் தரும் செய்தியும் இத்தகையதே. 1979 நவம்பர் 9 ஆந் திகதி, பயிற்சிக்கென ஆயத்தஞ் செய்யப்பட்ட தாக்குதற் காட்சி ஒன்று அமெரிக்க எச்சரிக்கை நிலையத்தின் கணனித் திரைகளில் உண்மைத் தாக்குதலாகத் தோன்றிற்று. 1995 சனவரி 25 ஆந் திகதி, வடதுருவ ஒளியை ஆராய்வதற்கென நோர்வேயிலிருந்து ஏவப்பட்ட விஞ்ஞான ரொக்கெற்று ஒன்றை ரஷ்ய ராடர்கள் பகைவரின் ஏவுகணையோ என ஐயுற்றன. சனாதிபதி யெல்ட்சினின் அணுக்கட்டளைப் பெட்டி இயக்கிவைக்கப்பட்டது. நோர்வே வாரங்களுக்கு முன்னரே அறிவித்தல் அனுப்பியிருந்தது. அது ராடர் நிலையத்தாரைச் சென்று சேரவில்லை.

இரண்டாவது, பாசங்களின் நீங்குதல். பாசம் என்றால் கட்டு. அச்சமும் சினமும் செருக்கும் மட்டுமல்ல, அன்பும் ஒரு கட்டே. 1945 இல் ஆயத்தஞ் செய்யப்பட்ட இலக்குப் பட்டியலிற் கியோத்தோ என்னும் பழம்பெரு நகரமும் இருந்தது. போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்டிம்சன் 1926 இல் அந்நகரைக் கண்டவர். யப்பானின் பண்பாட்டுத் தலைநகரை அழித்தால் அம்மக்களின் மனக்கசப்பு என்றும் ஆறாது என வாதாடி, அதனைப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தார். அது நற்செயலே. ஆயினும் பட்டியல் குறையவில்லை. நாகசாகி அதிற் சேர்க்கப்பட்டது. கோயில்களும் சோலைகளும் நிறைந்த ஒரு நகருக்காகப் பேச ஒருவர் இருந்தார். மற்ற நகருக்காகப் பேச அந்த அறையில் எவரும் இருந்திலர்.

சினமும் சோர்வும் எத்தகைய மனிதரையும் பற்றுவன. 1974 ஓகஸ்டிற் பதவி இழக்கும் நிலையில் இருந்த சனாதிபதி நிக்சனின் இறுதி நாட்களில், வழக்கத்துக்கு மாறான கட்டளை ஏதும் வந்தால் தம்மைக் கேளாமற் செயற்படவேண்டாம் எனப் பாதுகாப்புச் செயலாளர் ஜேம்ஸ் ஷிலெசிஞ்சர் படைத்தலைவர்களிடம் கூறிவைத்தார் என்பது பின்னர் வெளியாயிற்று. அவ்வாறு தடுப்பதற்குச் சட்டம் அவருக்கு இடந்தரவில்லை. நாட்டின் காவலுக்குச் சட்டத்தை மீறவேண்டும் என ஓர் அமைச்சர் எண்ணும்படியாயிற்று.

இதனிலும் கூர்மையான நிகழ்ச்சி ஒன்று அதற்குச் சற்று முன்னர் நடந்தது. நிலத்தடியிற் பதுக்கிய ஏவுகணைகளை இயக்கும் அறையில் எப்பொழுதும் இரண்டு உத்தியோகத்தர் இருப்பர். இரண்டு திறவுகோல்கள் ஒருங்கே திருப்பப்படவேண்டும். ஒருவர் கைக்கு எட்டாத தூரத்தில் அவை இரண்டும் அமைக்கப்பட்டுள்ளன. ஒருவன் மதிமயங்கினாலும் மற்றவன் தெளிவாய் இருப்பான் என்பதே இதன் கருத்து. 1973 இல் இப்பணிக்குப் பயிற்சி பெற்றுவந்த மேஜர் ஹாரல்ட் ஹெரிங் என்பவர், வியட்நாமிற் போர் விமானிகளை மீட்டெடுத்துப் பதக்கம் பெற்றவர், ஒரு வினாவை எழுப்பினார்: தமக்கு வரும் கட்டளை தெளிந்த மதியுடைய சனாதிபதி ஒருவரிடமிருந்து வந்தது என்று தாம் அறிவது எவ்வாறு? விடை கிடைக்கவில்லை. அவர் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டு, 1975 இற் படையிலிருந்தும் நீக்கப்பட்டார். திறவுகோலைத் திருப்பும் சிறிய உத்தியோகத்தனைத் தனியே நம்பலாகாது என்பதை நன்கு உணர்ந்து இரண்டு திறவுகோல் வைத்த அதே ஒழுங்கு, கட்டளை இடுபவரிடத்தில் மட்டும் ஒன்றே போதும் எனக் கொண்டுவிட்டது. ஆற்றல் ஏற ஏறக் காவல் மிகவேண்டும். இங்கோ ஆற்றல் உச்சியை அடையும் இடத்திற் காவல் முற்றாக ஒழிகின்றது.

மூன்றாவது, பேரருள். அருள் என்பது தொடர்பற்ற உயிர்மேலும் செல்லும் பரிவு. மனிதனுடைய பரிவு பெரும்பாலும் கண்ணெதிரே கண்டவர்மேற் செல்வது. ஆயிரங் காத தூரத்திலுள்ள இலட்சம் பேர் அவனுக்கு ஓர் எண்ணிக்கையே. இதனை உணர்த்துதற்கு ஹாவார்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரொஜர் ஃபிஷர் 1981 இல் ஓர் ஆலோசனை கூறினார். அணுவாயுதத்தை ஏவும் இரகசிய எண்களைச் சனாதிபதியின் பெட்டியில் வைக்கவேண்டாம். தாமாக முன்வரும் ஒருவரின் இதயத்தின் அருகே சிறு குளிகையாகப் பதித்துவைக்கவேண்டும். அம்மனிதர் கனத்த கத்தி ஒன்றைச் சுமந்துகொண்டு சனாதிபதியுடன் எங்கும் செல்வார். எண்கள் வேண்டுமானால் சனாதிபதி தம் கையாலேயே அவரைக் கொன்று எடுக்கவேண்டும். பாதுகாப்புத் திணைக்களத்து நண்பர்களிடம் ஃபிஷர் இதனைச் சொன்னபோது, இது கொடுமை, இப்படிச் செய்தால் சனாதிபதி ஒருபோதும் ஏவமாட்டாரே என்று அவர்கள் பதறினராம். ஒரு குற்றமற்ற மனிதனைக் கொல்லக் கூசும் கை, இலட்சக்கணக்கானோரைக் கொல்லக் கூசாது என்பதை அப்பதிலே ஒப்புக்கொண்டுவிட்டது.

இவ்விடத்தில் நேயர் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். இத்தனை இடர் இருந்தும் உலகம் எரிந்துபோகவில்லையே. அதற்குக் காரணம் நல்ல மனிதர் சிலர் இருந்தமைதானே. ஆகவே நல்லவரைத் தேடி அமர்த்தினாற் போதாதோ என்று கேட்கக்கூடும். அந்த நல்லவர்கள் யாவர், என்ன செய்தனர் என்பதைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவேண்டும்.

கியூபா நெருக்கடியின் உச்சநாளாகிய 1962 ஒக்டோபர் 27 ஆந் திகதி, பி-59 என்னும் சோவியத்து நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து, மேலே வருமாறு உணர்த்தச் சிறு வெடிகளை நீரினுள் வீசின. கப்பலுள்ளே வெப்பம் தாங்கவொண்ணாததாயிற்று, மொஸ்கோவுடன் தொடர்பில்லை, மேலே போர் தொடங்கிவிட்டதோ இல்லையோ என்பது தெரியவில்லை. அக்கப்பலில் அணுக்குண்டு பொருத்திய டோர்ப்பிடோ ஒன்றிருந்தது. சூழ்ந்து நின்ற அமெரிக்கர் அதனை அறியார். கப்பலில் இருந்த உத்தியோகத்தர் ஒருவர் பிற்காலத்திற் கூறிய விவரத்தின்படி, கப்பற் தலைவர் சவித்ஸ்கி சினமுற்று அதனை ஆயத்தஞ் செய்யுமாறு கட்டளையிட்டார். கப்பற்றொகுதியின் தலைமைப் பணியதிகாரி என்ற முறையில் உடனிருந்த வசிலி ஆர்க்கிப்போவ் அவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே எழுந்தது, டோர்ப்பிடோ ஏவப்படவில்லை.

1983 செப்டெம்பர் 26 ஆந் திகதி, மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள எச்சரிக்கை நிலையத்திற் கடமையில் இருந்தவர் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்க ஏவுகணை ஒன்று புறப்பட்டதாகவும், பின்னர் மேலும் நான்கு புறப்பட்டதாகவும் செய்மதிகள் அறிவித்தன. உண்மைப் போரை எவரும் ஐந்து ஏவுகணைகளுடன் தொடங்கார் எனச் சிந்தித்த பெத்ரோவ், இது பொய்யெச்சரிக்கை என மேலிடத்துக்கு அறிவித்தார். உயர்ந்த முகில்களிற் பட்டுத் தெறித்த சூரிய ஒளியையே செய்மதிகள் ஏவுகணையின் தீயென மயங்கின என்பது பின்னர் தெரியவந்தது. மனிதனை நம்பவேண்டாம், இயந்திரத்திடமே முடிவை விட்டுவிடலாம் என இக்காலத்திற் கூறுவார்க்கும் இந்நிகழ்ச்சி விடையளிக்கின்றது. அன்று இயந்திரம் ஆம் என்றது. இல்லை என்றவன் மனிதனே.

இவ்விருவரும் நல்லவர்களே. ஆனால் அவர்கள் உலகத்தைக் காத்தது வரம்பிலா ஆற்றலைப் பெற்று அதனை நன்றாக ஆண்டதனால் அன்று. இன்னொருவருடைய கட்டளைக்கும் இயந்திரத்தின் முடிவுக்கும் இடையில் நிற்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது; அவ்விடத்தில் நின்று வேண்டாம் என்றார்கள். சவித்ஸ்கி தீயவர் அல்லர். வெப்பத்தில் வெந்து, செய்தியின்றித் தவித்த மனிதர். ஆர்க்கிப்போவ் அக்கப்பலில் இராதிருந்தாலோ, அவரிருந்தும் அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லாதிருந்தாலோ, அந்நாளின் முடிவு வேறாகியிருக்கலாம். நல்ல மனிதன் இருப்பது ஒரு பேறு. அவன் மறுத்துப் பேசுதற்கு இடம் இருப்பதோ ஓர் ஒழுங்கு. பேற்றை எவரும் கட்டளையிட்டுப் பெறமுடியாது. ஒழுங்கை மனிதர் ஆக்கலாம்.

தமிழ் மக்களுக்கு இது புதிய பாடம் அன்று. தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத அரசன், கெடுப்பார் எவரும் இல்லாவிடினும் தானே கெடுவான் என்பது வள்ளுவர் முடிபு. அவ்வரசன் தீயவனாயின் என்று அவர் நிபந்தனை கூறவில்லை. இடிப்பாரின்மையே கேட்டுக்குப் போதிய காரணம் எனக் கொண்டார்.

இலங்கையின் நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் 1996 யூலை 8 ஆந் திகதி வழங்கிய கருத்துரையும் இங்கு நினைக்கத்தக்கது. அணுவாயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டங்களுக்கு மாறானதே எனக் கூறிய நீதிமன்றம், ஒரு நாட்டின் வாழ்வே அழியும் நிலையில் அது சட்டத்துக்கு ஒத்ததா, மாறானதா எனத் திட்டமாகக் கூற இயலவில்லை என்றது. நீதியரசர்கள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து நின்றமையால் தலைவரின் தீர்ப்பு வாக்கே அதனை முடிவாக்கிற்று. வீரமந்திரி அதனை ஏற்கவில்லை. எந்த நிலையிலும் அது சட்டவிரோதமே என விரிவாக எழுதினார். தம் கருத்துக்கு ஆதாரமாக அவர் காட்டியவற்றுள் இராமாயணமும் ஒன்று. பகைவர் குலம் முழுவதையும் அழிக்கவல்ல படைக்கலத்தை இலக்குவன் விடுக்க எண்ணியபோது, போர்புரியாதவரையும் அது அழிக்குமாதலால் ஆகாது என இராமன் தடுத்த இடம் அது. இலக்குவனும் நல்லவனே. ஆனால் அவன் கையைத் தடுக்க அருகில் ஓர் அண்ணன் இருந்தான்.

பெற்ற ஆற்றலைத் துறந்த நாடும் உண்டு. தாம் செய்துவைத்திருந்த ஆறு அணுக்குண்டுகளையும் அழித்துவிட்டதாகத் தென்னாபிரிக்கச் சனாதிபதி டி கிளார்க் 1993 மார்ச்சில் அறிவித்தார். ஆனால் அது அருமையான விதிவிலக்கு. இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. பகைவர் முதலில் ஏவாதவிடத்துச் சனாதிபதி தனியே அணுவாயுதத்தை ஏவலாகாது என விதிக்கும் சட்டமூலங்கள் 2016 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் பேரவையிற் கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. காலமில்லை என்பதே எதிர்ப்போர் கூறும் காரணங்களுள் முதன்மையானது. பகைவனின் ஏவுகணை வானில் இருக்கும் வேளைக்கு அக்காரணம் ஒருவாறு பொருந்தலாம். எவரும் ஏவாத வேளையில் முதலில் ஏவுவதற்கு அது எவ்வாறு பொருந்தும்? ஆராய்தற்கு நேரம் உள்ளவிடத்தும் ஒருவர் முடிவே போதும் என்பது அவசரத்தால் வந்த விதி அன்று, பழகிப்போன வழக்கம்.

தெய்வத்துக்கு நிகரான ஆற்றலை நம்பி ஒப்படைத்தற்கு ஏற்ற மனிதன் யார் எனத் தேடுவோர், தேவர்களும் முனிவர்களும் செய்த தேர்வையே மீண்டும் செய்கின்றனர். முற்றும் உணராதவனுக்கு முடிவிலாற்றல் பொருந்தாது. அவன் எத்துணை நல்லவனாயினும் பொருந்தாது. ஆற்றல் வந்துவிட்டது, அதனை இல்லையாக்குதல் உடனே கைகூடுவதன்று. அதுவரையில், கட்டளை இடும் நாவுக்கும் அதனை நிறைவேற்றும் கைக்கும் இடையில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையுடைய ஒருவர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அவர் அங்கே தற்செயலாக இராமல், சட்டத்தால் இருத்தல் வேண்டும். இரண்டாவது திறவுகோல், முதலில் வேண்டப்படுவது மேலிடத்திலேதான்.